எங்கள் நாட்டு விருந்தும் விழாவும்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம், கொட்டாம்பட்டி வழியாகக் காரைக்குடிக்குச் செல்லும் சாலையிலே சிங்கம்புணரி என்னும் ஊர் உள்ளது. அதுவே எனது ஊர். ஊருக்கு அணித்தே பிரான்மலை நிமிர்ந்து நிற்கும். பண்டைப் புலவர் பறம்புமலை என்று பாடியது இம்மலையையே என்பர். முந்நூறு ஊர்களைத் தன்னகத்தே கொண்டிருந்த பறம்பு நாட்டைப் பாரி ஆண்டான். இரந்து வந்தவர்க்கெல்லாம் ஈந்தான். கபிலர் அவனுக்கு உயிர்த்தோழராய் விளங்கினார். இச்செய்திகளை நீங்கள் செய்யுட் பகுதியிலே படித்திருப்பீர்கள். அம்மலையின் அடிவாரத்தில் வாழும் எங்களை நோக்கி, “உங்கள் ஊரில் காண்பதற்கு என்ன இருக்கிறது?” என்று வெளியூரார் வினவுவது உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, இவ்வினாவுக்கு விடை கூறுவதே இப்பொழுது ஒரு தொழிலாகிவிட்டது.

செட்டிநாடு என்பது நகரத்தார் வாழும் ஊர்களின் தொகுதி. அவை தொண்ணூற்றாறு என்பது பழைய வழக்கு. இன்று அத்துணை ஊர்கள் இல்லை. சிங்கம்புணரி அந்நாட்டின் மேற்கு விளிம்பிலே உள்ளது. 1985-ஆம் ஆண்டு சிவகங்கை தனி மாவட்டமாக அமைந்தபோது இவற்றுட் பெரும்பாலானவை அம்மாவட்ட எல்லைக்குள் வந்தன. ஆதலின், செட்டிநாட்டைக் காண வருவோருக்கு எங்கள் ஊர் ஒரு வாயில் போன்றது.

வாயிலில் முதலில் கேட்கும் சொல் ‘வாங்க’ என்பது. இச்சொல்லை எந்தத் தமிழர் வீட்டிலும் கேட்கலாமே என்று நீங்கள் எண்ணக்கூடும். கேட்கலாம், ஆயினும் நகரத்தார் இல்லங்களில் இதனை ஒரு முறைமையாகவே கொண்டுள்ளனர். விருந்தினர் ஒருவர் வந்தால், வீட்டில் உள்ளோர் ஒவ்வொருவரும் தனித்தனியே அவரிடம் வந்து ‘வாங்க’ என்பர். பத்துப் பேர் வந்தாலும் பத்துப் பேரையும் முகம் நோக்கி அழைப்பர். திருமண வீட்டிலே இதனைத் தவறவிட்டால் அதுவே ஒரு குறையாகிவிடும். ‘அவர்கள் எங்களை வாங்க என்று கேட்கவில்லை’ என்று பல ஆண்டுகள் கழித்தும் சொல்லும் உறவினரை நான் அறிவேன். புதிதாக வருவோர் இதனை அறியாமல், ஒருவர் அழைத்தவுடனே உள்ளே சென்று அமர்ந்துவிடுகின்றனர். சற்றே நின்று, ஒவ்வொருவருக்கும் கைகுவித்துப் பின்னர் அமர்தல் நன்று.

முறைப்பெயர்களிலும் சிறிது எச்சரிக்கை வேண்டும். அவ்வில்லங்களில் தந்தையை ‘அப்பச்சி’ என்பர். தாயை ‘ஆத்தா’ என்பர். ‘ஐயா’ என்றால் பாட்டனார். தந்தையின் தாய் ‘அப்பத்தா’. தாயின் தாய் ‘ஆயா’. சென்னையிலிருந்து வந்த அன்பர் ஒருவர், வீட்டுத் தலைவி தம் தாயாரை ‘ஆயா’ என்று பிள்ளைகளுக்குக் காட்டியதைக் கேட்டு, அவரைக் குழந்தை வளர்க்கும் பணிப்பெண் என்று கருதிக்கொண்டார். அம்மூதாட்டியார் சிரித்தாரேயன்றிச் சினந்தாரில்லை. வீட்டுப் பெண்மணிகளை ‘ஆச்சி’ என்று அழைத்தால் யார்க்கும் மனம் நிறையும்.

அவ்வீடுகளைப் பற்றி நிறையவே பலர் எழுதியுள்ளனர். யான் மிகக் கூற வேண்டுவதில்லை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் நீளமான வீடுகள் அவை. பருமாத் தேக்கு மரத்தால் ஆன தூண்கள்; சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் சேர்த்து இழைத்த, கண்ணாடி போன்ற சுவர்கள்; ஆத்தங்குடியிலே கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையாலேயே செய்யும் தளக்கற்கள். இவற்றுக்கு வேண்டிய பொருள் பெரும்பாலும் பருமாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டியது. 1942-ஆம் ஆண்டு சப்பானியர் பருமாவிற்குள் புகுந்தபோது அவ்வாணிகம் குலைந்தது. அதன்பின் பல வீடுகள் பூட்டியே கிடந்தன. சிலவற்றை இடித்து, தூணையும் கதவையும் தனித்தனியே விற்றுவிட்டனர். காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவுக்குச் சென்றால், ஒரு காலத்தில் மணமகள் வலக்கால் வைத்து நுழைந்த நிலைக்கதவுகள் விலைச்சீட்டோடு சார்த்தியிருக்கக் காணலாம். அவற்றை வாங்கிச் செல்வோரை நான் குறை கூறேன். விற்பவருக்கும் வயிறு உண்டு. 2014-ஆம் ஆண்டு இந்நாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான முன்வரைவுப் பட்டியலில் இடம் பெற்றன. பட்டியலில் பெயர் ஏறுவது எளிது. ஓட்டுக் கூரையில் ஒழுகலை அடைப்பது அரிது.

இனி உணவைப் பற்றிக் கூறுவேன். இதுவே பலரும் கேட்க விரும்புவது.

சென்னையிலும் பெங்களூரிலும், ஏன், சிங்கப்பூரிலும்கூட ‘செட்டிநாடு’ என்று பெயர் எழுதிய உணவுவிடுதிகள் உள்ளன. அங்கே செந்நிறமாய், கண்ணில் நீர் வரும்படி காரமாய் ஒரு கோழிக்கறியைக் கொண்டுவந்து வைத்து, இதுவே செட்டிநாட்டுச் சமையல் என்பர். அதனை உண்டு வளர்ந்தவர் எவரும் இந்நாட்டில் இலர். எங்கள் பக்கத்து அடுப்படிகளில் காரம் உண்டு. ஆனால் அது மிளகும் மிளகாயும் அளவாய்ச் சேர்ந்த காரம். அதனினும் முதன்மையானது மணம். கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, பட்டை ஆகியவை அம்மணத்தைத் தருகின்றன. கல்பாசி என்பது மலைப்பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் படர்வது. காய்ந்த நிலையில் பார்த்தால் கருகிய தாள் போல் இருக்கும். சூடான எண்ணெயில் விழுந்த கணத்திலே வீடெங்கும் மணக்கும். அன்னாசிப்பூ சீன நாட்டிலும் வியட்நாமிலும் விளைவது. கடல் கடந்து வாணிகம் செய்த மக்களின் அஞ்சறைப் பெட்டியில் அக்கடல்வழிகள் எல்லாம் அடங்கியுள்ளன. கவுனி அரிசியும் அவ்வாறே. கருஞ்சிவப்பான அவ்வரிசி பருமாவிலிருந்து வந்தது. அதனை இரவெல்லாம் ஊறவைத்து, குழைய வேகவைத்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துப் பரிமாறுவர். பருமாவில் இருந்த கடைகள் போயின. அரிசி மட்டும் திருமண விருந்துகளில் நிலைத்துவிட்டது.

புலால் உண்ணும் நாடு என்று இதனைக் கருதி வருவோர், திருமண விருந்து முற்றும் மரக்கறியாய் இருக்கக் கண்டு வியப்பர். மரக்கறிச் சமையலிலேயே இந்நாட்டு மகளிரின் திறம் விளங்கும் என்பது எனது துணிபு. வெண்டைக்காய் மண்டி என்று ஒன்று உண்டு. அரிசி களைந்த கழுநீரை வீணாக்காமல் அதிலே புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வெண்டைக்காயும் இட்டுக் கொதிக்க வைப்பர். கத்திரிக்காயை வேகவைத்து மசித்துப் புளிநீரில் கலந்தால் கோசமல்லி. மாளிகை வீடுகளில் பிறந்த உணவாயினும், கழுநீரைக்கூடக் கொட்டாத சிக்கனம் அதில் இருப்பதை நோக்குங்கள். மழை குறைந்த செம்மண் நாடு கற்பித்த பாடம் அது.

பலகாரங்களுள் வெள்ளைப் பணியாரத்திற்கு ஒரு தனி அளவுமுறை உண்டு. ஆழாக்கிலே பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, எவ்வளவு நிற்குமோ அவ்வளவே சேர்த்துக்கொள்வர். இதற்கு எடைக்கணக்குக் கேட்டால் எந்த ஆச்சியும் சொல்ல இயலாது. பால் பணியாரம் என்பது அரிசியும் உளுந்தும் அரைத்த மாவைச் சிறு சிறு உருண்டையாய் எண்ணெயில் இட்டெடுத்து, இனிப்பிட்ட தேங்காய்ப் பாலில் ஊறவைப்பது. கந்தரப்பம், சீயம், கும்மாயம், மணகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை என்று இவ்வரிசை நீளும். ஆடித் திங்களில் செய்யும் கும்மாயம் வறுத்த பருப்பு மாவும் கருப்பட்டியும் நெய்யும் கூடியது. கரண்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிளற வேண்டும். அது கைவலிக்கும் வேலை. விருந்தினர் புகழும்போது அக்கையை நினைப்பதில்லை.

இவ்வளவும் கூறிய பின் மற்றொன்றையும் கூறாவிடில் நான் உண்மை உரைத்தவன் ஆகேன். செட்டிநாடு முழுவதும் ஆயிரஞ்சன்னல் வீடு அன்று. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வானம் பார்த்த பூமியை உழுதவர்கள் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் வெங்காயமும் உண்டே வாழ்ந்தனர். நெற்சோறு விழாநாளில் மட்டுமே கிட்டிய வீடுகளை என் இளமையிலே கண்டுள்ளேன். இன்று அக்கூழே நோயாளிக்கு மருத்துவர் கூறும் உணவாகி, நகரத்துக் கடைகளில் விலை ஏறி நிற்கின்றது. வெளியூர் அன்பர்கள் எங்கள் பக்கத்துக்கு வந்தால் விருந்துச் சோற்றோடு ஒரு நாள் கூழும் கேட்டு உண்ண வேண்டும்.

இலையில் உண்ணும் முறையை நீங்கள் அறிவீர்கள்; ஆயினும் அயல்நாட்டார்க்குச் சொல்ல வேண்டியுள்ளது. இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருத்தல் வேண்டும். உண்டு முடிந்தபின் இலையைத் தம் பக்கமாக மடிப்பது நல்விருந்துக்கு உரியது. எதிர்ப்பக்கம் மடிப்பது துயர வீட்டுக்கு உரியது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் தம்முடன் பணியாற்றும் பல்கேரிய நாட்டு நண்பரை வைகாசி விழாவுக்கு அழைத்து வந்தார். அவர் என் வீட்டிலே உண்டார். ‘இன்னும் கொஞ்சம் சோறு?’ என்று என் மனைவி கேட்டபோதெல்லாம் அவர் தலையை மேலும் கீழும் அசைத்தார். அம்மையாரும் மகிழ்ந்து அகப்பை அகப்பையாய் இட்டார். மூன்றாம் முறை அவர் முகம் வெளிறிய பின்னரே செய்தி விளங்கிற்று. பல்கேரிய நாட்டில் தலையை மேலும் கீழும் அசைத்தால் ‘வேண்டாம்’ என்பது பொருள். பக்கவாட்டில் அசைத்தால் ‘ஆம்’ என்பது பொருள். இலையில் மிச்சம் வைப்பது எங்களுக்கு அவமதிப்பாகும் என்று எண்ணி அவர் அத்தனையையும் உண்டு முடித்திருந்தார்.

அவர் நாட்டிலே விருந்தினரை ரொட்டியும் உப்பும் தந்து வரவேற்பார்களாம். தயிரின்மீது அவர்களுக்குப் பெருமிதம் மிகுதி. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களுள் ஒன்றை 1905-ஆம் ஆண்டு சுதாமென் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய மாணவர் கண்டறிந்தார். அவ்வுயிரின் அறிவியற் பெயரிலே அந்நாட்டின் பெயரும் சேர்ந்துள்ளது. எங்கள் வீட்டு மோரைக் குடித்துவிட்டு அவர் தலையைப் பக்கவாட்டிலே அசைத்தார். இம்முறை எங்களுக்குப் பொருள் தெரிந்திருந்தது.

அவர் வந்தது சேவுகப்பெருமாள் ஐயனார் கோயில் விழாவுக்கு. சிவகங்கைச் சமத்தானத்தைச் சேர்ந்த அக்கோயிலில் வைகாசி விசாகத்தை ஒட்டித் திருவிழா நடைபெறும். தேர் வலம்வந்து நிலைக்கு வந்தபின், நேர்ந்துகொண்டவர்கள் தேரடியிலே தேங்காய்களை வீசி உடைப்பர். ஒன்றிரண்டு அல்ல, மூட்டை மூட்டையாய் உடையும். தென்னை மிகுந்த ஊர் இது. தேங்காய் நாரைத் திரித்துக் கயிறாக்குவது இவ்வூரின் தொழில். ஆதலின் எங்கள் நேர்ச்சையும் தேங்காயாகவே இருப்பதில் வியப்பில்லை. அந்நேரத்தில் விருந்தினர் தேரடிக்கு நெருங்கி நிற்றலாகாது. சிதறும் ஓடு கண்ணிற் படும்.

அவ்விழாவின் நாள்களுள் ஒன்று கழுவனுக்கு உரியது. உடலெங்கும் வண்ணம் பூசி, அச்சந்தரும் கோலத்துடன் ஒருவர் கழுவனாய் வருவார். அவர் துரத்த, மக்கள் ஓட, இளைஞர் எதிர்க்க, ஊரே அலைமோதும். முடிவிலே கழுவன் அடங்குவான். சிறுவர்களுக்கு இதைவிட இன்பமான அச்சம் வேறில்லை. இதனைக் கண்ட பல்கேரிய அன்பர் மிக மகிழ்ந்து, தம் நாட்டிலும் குளிர்காலத்திலே ஆடவர் மயிரடர்ந்த தோலும் முகமூடியும் அணிந்து, இடையிலே பெருமணிகளைக் கட்டிக்கொண்டு, தீமையை விரட்டத் தெருவெங்கும் ஆடுவர் என்று கூறித் தம் கைப்பேசியிலே படமும் காட்டினார். அவர்களைக் ‘குக்கேரி’ என்பராம். அந்நாட்டின் தென்கிழக்கே ஒரு சிற்றூரில் சூன் மாதத் தொடக்கத்தில் தெய்வப் படங்களை ஏந்தி நெருப்பின்மேல் ஆடுவார்களாம். யுனெசுகோ 2009-ஆம் ஆண்டிலே அதனை மானிட மரபாக ஏற்றுள்ளது. நாங்கள் பூக்குழி இறங்குவதை அவர் காணும்போது வாய்பிளந்து நிற்பார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவரோ தம் பாட்டியார் ஊர் நினைவு வந்ததென்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐயனாருக்குச் செய்யும் மற்றொரு விழா புரவி எடுப்பு. ஊர்ப் பெரியோர் குயவர்க்குப் பிடிமண் கொடுத்து நாள் குறிப்பர். வேளார் மண்ணால் குதிரைகளைச் செய்து சுட்டு வண்ணந் தீட்டுவர். குறித்த நாளில் அவற்றைத் தோளிலே சுமந்து ஐயனார் காட்டுக்குக் கொண்டு செல்வர். ஆண்டுகள் பல கடந்த புரவிகள் மழையிலே கரைந்து, காதும் காலும் இன்றி அங்கே வரிசையாக நிற்கும். அவற்றுள் ஒன்றின் உடைந்த துண்டை நினைவுப் பொருளாக எடுத்துச் செல்லச் சில வருகையாளர் விரும்புவர். அது கூடாது.

நகரத்தார் கொண்டாடும் பிள்ளையார் நோன்பைப் பிற நாட்டார் காண்பது அரிது. அது வீட்டுக்குள் நிகழ்வது. திருக்கார்த்திகை தொடங்கி இருபத்தொரு நாள், நாளுக்கு ஒன்றாகப் புதுவேட்டியின் இழையை எடுத்துச் சேர்த்து, இருபத்தோரிழைத் திரியாக்குவர். நோன்பு நாளில் வெல்லமிட்ட மாவிலே அத்திரியைப் பொருத்தி, நெய்யில் நனைத்து ஏற்றி, குடும்பத்தின் மூத்தவர் எடுத்துத் தர, ஒவ்வொருவரும் சுடரோடு வாயிலிட்டு விழுங்குவர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழ்வோரும் இதனை விட்டாரில்லை. நாட்டரசன்கோட்டையிலே தைப்பொங்கலை அடுத்த செவ்வாய்க்கிழமை, கண்ணாத்தாள் கோயில் முன்பு நூற்றுக்கணக்கான பானைகள் ஒரே வெளியில் பொங்கும். முதற்பானை வைக்கும் உரிமை யார்க்கு என்பதைச் சீட்டெடுத்தே முடிவு செய்வர். பணத்தாலோ வயதாலோ அவ்வுரிமை வருவதில்லை. பல திருமணங்களுக்கு அங்குதான் முதற்பேச்சு எழும் என்றும் கூறுவர்.

மாசிமகத்தன்று எங்கள் பக்கத்தார் இரண்டு திசையாய்ப் பிரிவர். அமைதி விழைவோர் திருக்கோட்டியூர்த் தெப்பத்துக்குச் செல்வர். குளக்கரையிலே ஆயிரமாயிரம் அகல்விளக்குகள் எரியும். ஒரு விளக்கை வேண்டுதலோடு வீட்டுக்கு எடுத்துச் சென்று மறு ஆண்டு மீண்டும் கொண்டுவருவர். ஆரவாரம் விழைவோர் அரளிப்பாறைக்குச் செல்வர். அங்கு மஞ்சுவிரட்டு. பாறையின்மேல் மக்கள் ஏறி நின்று பார்ப்பது, பாறையே உயிர்பெற்றது போலத் தோன்றும்.

மஞ்சுவிரட்டைப் பற்றிச் சற்று நின்று கூற வேண்டும். அலங்காநல்லூரில் வாடிவாசல் வழியாக ஒவ்வொரு காளையாய் வெளிவரும். எங்கள் பக்கத்தில் தொழுவிலிருந்து விடும் காளைகளோடு, வயல்வெளியிலே கட்டு அவிழ்த்து விடும் காளைகளும் உண்டு. எப்பக்கமிருந்து காளை வரும் என்பது யார்க்கும் தெரியாது. வடமாடு என்னும் வகையில் காளையை நீண்ட வடத்திலே கட்டி நடுவில் விடுவர். ஒன்பது பேர் கொண்ட குழு குறித்த நேரத்துக்குள் அதனை அடக்க முயலும். 2014-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் இவ்விளையாட்டுகளைத் தடை செய்தது. 2017 சனவரியில் மெரீனாக் கடற்கரையில் இளைஞர் திரண்டனர். தமிழ்நாட்டரசு சட்டம் இயற்றிற்று. 2023 மே திங்களில் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. வழக்கில் வென்றோம். ஆயினும் மாடு பிடிப்போர் மட்டுமன்றி, வேடிக்கை பார்க்க வந்து வயல் வரப்பில் நின்றவர்களும் குத்துண்டு இறக்கின்றனர். வீரத்தைப் பற்றி வகுப்பறையிலே எத்தனையோ நாள் பேசியவன் நான். ஆயினும் என் மாணவர் ஒருவர் அவ்வாறு இறந்தபின், அவர் தாயார் முன்னே எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. காண வருவோர் அரங்கின் உள்ளேயோ பாறையின் மேலேயோதான் நிற்க வேண்டும். படம் எடுப்பதற்காகக் கீழே இறங்குதல் அறவே கூடாது.

கோடைக் காலத்தில் வருவோர்க்கு வேறொரு விழா உண்டு. கண்மாய் நீர் வற்றி முழங்காலளவு ஆனதும், ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அந்நொடிக்காகக் காத்திருந்த மக்கள் அனைவரும் வலையும் ஊத்தாவும் கச்சாவும் கொண்டு சேற்றிலே பாய்வர். கெண்டை, கெளுத்தி, குரவை, விரால் என்று அகப்பட்டதெல்லாம் பிடித்தவருக்கே உரியது. சுற்றூரார் யாரும் வரலாம், கட்டணம் இல்லை. விற்பதற்காக அன்று மீன் பிடிப்பதில்லை. மாலையில் எல்லா அடுப்பிலும் ஒரே குழம்பு மணக்கும். மீன் கிட்டாதவர் வீட்டுக்கு அண்டை வீட்டார் கொடுத்தனுப்புவர். அடுத்த ஆண்டு மழையும் விளைச்சலும் பெருகும் என்ற நம்பிக்கையோடு நடக்கும் விழா இது. இவ்வோர் விழாவுக்காகவே பெருநகரத்திலிருந்து ஊர் திரும்பும் இளைஞர் பலர்.

இரவுப் பொழுதுக்கு வள்ளி திருமண நாடகம் இருந்தது. இன்றும் கோயில் விழாக்களில் இருக்கின்றது. சங்கரதாசு சுவாமிகள் மறைந்து நூறாண்டு கடந்தும், அவர் வகுத்த பாதையிலேயே நடிகர்கள் விடியும் வரை பாடி வழக்காடுவர். முன்னே அமர்ந்திருப்போர் தொகைதான் குறைந்து வருகின்றது. திரைப்படமும் எங்கள் நாட்டுக்கு அயலானது அன்று. ஏவி. மெய்யப்பனார் போர்க்காலத்தில் காரைக்குடியிலே கீற்றுக் கொட்டகையில் படப்பிடிப்பு நிலையம் அமைத்தார். 1947-இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ அங்கேயே உருவானது. பின்னர் நிலையம் சென்னைக்குப் பெயர்ந்தது.

விழாக்கள் எல்லாவற்றையும் இனிமையாகவே சொல்லிவிடலாம். அயல்நாட்டார்க்குத் தரும் குறிப்பேடுகளும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளன. ஆனால் அந்தப் பல்கேரிய அன்பர் பந்தியிலே அமர்ந்திருக்கும்போது என்னிடம் கேட்டார்: “இங்கு யாவரும் ஒன்றாக அமர்ந்து உண்பார்களா?” நான் சிறுவனாய் இருந்த காலத்தில், விருந்து நடக்கும் பந்தலுக்கு வெளியே பாத்திரங்களோடு சிலர் காத்து நின்றதை அவருக்குச் சொன்னேன். அந்தப் பந்தலை நட்டவர்கள் அவர்களே. விறகு பிளந்தவர்களும் அவர்களே. எல்லாப் பந்தியும் முடிந்த பின்னரே அவர்களுக்கு வட்டித்தனர். இன்று அவ்வாறு நிற்பவர் குறைவு. ஆயினும் தேர் வடத்தைத் தொடுவதிலும் முதல் மரியாதை பெறுவதிலும் பூசல் ஓயவில்லை. தேவகோட்டைக்கு அருகே கண்டதேவியிலே தேர் வடம் யார் பிடிப்பது என்பது பற்றி 1998-ஆம் ஆண்டு முதல் வழக்கும் பிணக்கும் நடந்தன. ஒடுக்கப்பட்ட மக்கள் தாங்களும் வடம் பிடிக்க வேண்டும் என்று கேட்டனர். 2006-க்குப் பின் தேரே ஓடாமல் நின்றது. நீதிமன்ற ஆணையை ஒட்டி 2024 சூன் 21 அன்று, பெருந்திரளான காவலர் சூழ, அது மீண்டும் ஓடிற்று. பதினெட்டு ஆண்டு! அத்தேருக்குத் திரிக்கும் கயிற்றுக்குச் சாதி தெரியாது. எங்கள் ஊரில் நார் அடிப்போர் கையை எவரும் கேட்டுப் பார்த்ததில்லை. இதனை அன்பரிடம் கூறியபோது, அவர் சிறிது நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்து, தம் நாட்டிலும் சிலரை இவ்வாறு ஊருக்கு வெளியே வைத்துள்ளோம் என்று மெல்லச் சொன்னார்.

பிணக்கு மட்டுமே இந்நாட்டின் வழக்கம் என்று நீங்கள் கருதிவிடுதலும் தவறு. பிரான்மலை அடிவாரத்தில் திருஞானசம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் என்னும் சிவன்கோயில் உள்ளது. உச்சியிலே இசுலாமியப் பெரியார் ஒருவரின் தர்கா உள்ளது. இரண்டிற்கும் ஒரே மலைவழியில் இரு சமயத்தாரும் ஏறுவர். திருப்புவனத்தை அடுத்த முதுவன்திடல் என்னும் ஊரிலே இந்துக்கள் மொகரம் விழாவை நடத்திப் பூக்குழி இறங்குகின்றனர். அவ்வழக்கத்தைக் கைவிடும்படி அவர்களிடம் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை, கேட்டாலும் கைவிடமாட்டார்கள்.

திருப்பத்தூர் செல்லும் வழியில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு சிற்றூர். அங்குள்ள கண்மாயும் வேட்டங்குடிக் கண்மாயும் சேர்ந்து 1977-ஆம் ஆண்டு பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டன. மழைக்காலத்திலே நத்தைகுத்தி நாரையும் கொக்கும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் அங்கு வந்து கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. தீபாவளி வருவதும் அப்பருவத்திலேதான். வெடிச் சத்தத்தில் பறவைகள் கூட்டை விட்டுப் பறந்துவிடும் என்று அஞ்சி, அவ்வூர் மக்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருமணத்துக்கும் கோயில் விழாவுக்கும்கூட வெடி இல்லை; ஒலிபெருக்கியும் இல்லை. இதற்காக வனத்துறையினர் ஆண்டுதோறும் வந்து பிள்ளைகளுக்கு இனிப்பு வழங்குகின்றனர். வெடி கேட்டு அழும் சிறுவனைத் தாயொருத்தி இடுப்பில் எடுத்துக் கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோய், கூட்டிலிருக்கும் குஞ்சைக் காட்டுவதை நானே கண்டுள்ளேன். அவ்வூருக்குச் செல்வோர் வண்டியின் ஒலிப்பானை அடிக்காமல், சாலையிலேயே இறங்கி நடந்து செல்ல வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் கரையில் பேசாமல் நின்றால், இரைதேடச் சென்ற நாரைகள் வரிசை வரிசையாய்த் திரும்பி வந்து மரத்தில் அடைவதைக் காணலாம். கரையோரம் இருக்கும் வீட்டார் யாரேனும் உங்களைக் கண்டால், குரலைத் தாழ்த்திக்கொண்டு ‘வாங்க’ என்பர்.